விசாரணைக்கு வெள்ளையடித்துப் போனோம்

மடுல்சீமையில் மூடுபனி இறங்கும்போது எனக்கு ஒரு கள்ளச் சந்தோஷம் வரும். அந்த நேரத்தில் ஊரே என்னைப் போல ஆகிவிடும். பஸ் சாரதி ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிக்கொண்டு ஊர்ந்து வருவார். கங்காணி, எதிரே நிற்பது ஆளா தேயிலைச் செடியா என்று தெரியாமல், "யாரது, யாரது" என்று செடியை விசாரித்துக்கொண்டிருப்பார். கொழுந்து நிறுத்துவிட்டு இறங்கும் பெண்கள் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு வருவார்கள். நான் மட்டும் வழக்கம்போல நடப்பேன். எனக்கு அதுவும் இன்னொரு நாள்தான்.

பிறந்ததிலிருந்தே என் கண் அப்படி. நிறம் தெரியும், வெளிச்சம் தெரியும், அசைவது தெரியும். ஓரம் தெரியாது. தேயிலை மலை எனக்கு ஒரே பச்சை மேகம். அதற்குள் மஞ்சளாக ஒன்று மெல்ல நகர்ந்தால் அது அம்மா தலையில் கட்டியிருக்கும் துண்டு. தொழிலாளர் வீடுகள் ஒட்டி ஒட்டி நிற்கும் எங்கள் லயம் நீளமான வெள்ளைக் கோடு, வாசல்கள் அதில் கறுப்புப் பொட்டுகள். முகங்கள் எல்லாம் ஈரத்தில் கரைந்த வண்ணங்கள். யாருடைய மூக்கும் எனக்கு இன்றுவரை தெரியாது. அதனால் எல்லோரும் அழகாகவே இருக்கிறார்கள். பதுளை ஆஸ்பத்திரியில் டாக்டர், கண்ணுக்குப் பின்னால் நரம்பில் குறை, கண்ணாடி போட்டும் பிரயோசனமில்லை, ஆனால் இருக்கிற பார்வை போகாது என்றார். இருக்கிறது போகாது என்ற அந்த ஒரு பேச்சை அம்மா பிடித்துக்கொண்டாள். சாமிக்கு விளக்கு வைக்கும்போதும் அதைத்தான் சொல்லிக் கும்பிடுவாள்.

புத்தகத்தை மூக்கில் ஒட்டிப் பிடித்தால் எழுத்து தெரியும். ஒவ்வோர் எழுத்தாக, மெதுவாக, கறுப்புப் பூச்சிகள் வரிசையாக வருவதுபோல வரும். நான் வாசிப்பதைப் பார்க்கும் புது ஆட்கள் புத்தகத்துக்கு முத்தம் கொடுக்கிறேன் என்று நினைத்துச் சிரிப்பார்கள். முத்தம் என்றே வைத்துக்கொள்ளுங்கள் என்று எனக்குத் தோன்றும். எனக்குப் படிப்பு அவ்வளவு பிடிக்கும்.

எங்கள் வீட்டில் ஒரு சட்டம் இருந்தது. எந்தச் சாமானும் இடம் மாறக் கூடாது. அடுப்படியில் தண்ணீர்க் குடம், அதற்குப் பக்கத்தில் முக்காலி, முன் காம்பராவில் கட்டில், கதவோரம் அப்பாவின் சப்பாத்து. முக்காலியின் கால்கள் நின்று நின்று சீமெந்துத் தரையில் மூன்று குழி விழுந்திருந்தது. ஒரு தடவை கல்யாணப் பத்திரிகை வைக்க வந்த ஒருவர் நாற்காலியைச் சுவரோரம் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அவர் எழுந்த கையோடு அம்மா நாற்காலியைத் தூக்கிப் பழைய இடத்தில் வைத்துவிட்டுத்தான் தாம்பாளத்தை வாங்கினாள். அந்த மனிதர் கோபித்துக்கொண்டு போனதாகப் பிறகு கேள்விப்பட்டோம். அம்மாவுக்கு அதைப் பற்றிக் கவலை இல்லை. நான் வீட்டுக்குள் ஓடுவேன், துள்ளுவேன், திரும்பிப் பார்க்காமல் உட்காருவேன். அந்த வீட்டுக்குள் எனக்குக் கண் இருந்தது.

வெளியே அப்படி இல்லை என்பதை அம்மா ஒத்துக்கொள்ள மாட்டாள். அதற்கும் ஒரு காரணம் இருக்கிறது. தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்குப் பெரிய ஆட்கள் வருகிறார்கள் என்றால் கை தானாகச் சுண்ணாம்பு வாளியைத் தேடும். கொழும்பிலிருந்து கம்பனிக்காரர்கள் வருவார்கள் என்று தெரிந்ததும் லயத்துக்கு வெள்ளையடிப்பார்கள். சாக்கடைக் கானைக் கூட்டி, ஓரத்துக் கல்லுக்கெல்லாம் சுண்ணாம்பு பூசுவார்கள். பிள்ளைகளுக்குத் தலை சீவி, பௌடர் போட்டு நிறுத்துவார்கள். இருமுகிறவர்களைப் பின் காம்பராவில் படுக்க வைத்துக் கதவைச் சாத்துவார்கள். வருகிறவர் பார்த்து, தலையாட்டி, போய்விடுவார். கூரை ஒழுகுகிறது என்று சொல்லத்தான் அவரை எதிர்பார்த்திருப்பார்கள்; ஆனால் அவர் வரும் நாளில் ஒழுகும் இடத்துக்குக் கீழே ஒரு பூச்சாடி வைத்திருப்பார்கள். குறை சொல்ல வாய் துடிக்கும், குறையைக் காட்டக் கூசும். எங்கள் ஆட்களின் இந்தக் குணத்தை நினைத்தால் எனக்கு இப்போதும் பற்றிக்கொண்டு வரும். ஆனால் நானும் அதே சுண்ணாம்பில் வளர்ந்தவள்தான்.

பசறையில் நான் படித்த பாடசாலை ஒரு சரிவில் படிப்படியாக இருந்தது. ஒன்பதாம் தரம் முடியும் மட்டும் எப்படியோ ஓட்டினேன். கரும்பலகையில் எழுதுவதைப் பக்கத்தில் இருப்பவள் முணுமுணுப்பாள், நான் காதில் வாங்கி எழுதுவேன். பரீட்சைத் தாளை மூக்கில் வைத்துக் கேள்வியை வாசித்து முடிப்பதற்குள் மணி அடித்துவிடும். எழுதிய வரைக்கும் சரியாக இருக்கும். எழுதாத பகுதி வெள்ளையாகக் கிடக்கும். பத்தாம் தரத்துக்குப் பெயர் பதியும் நேரத்தில் அதிபர் அம்மாவையும் அப்பாவையும் கூப்பிட்டு அனுப்பினார்.

அதிபர் கெட்ட மனிதர் இல்லை. மழை நாளில் என்னைத் தன் குடைக்குள் கூட்டிக்கொண்டு படியிறங்கியவர். ஆனால் பயந்த மனிதர்.

"இனி சாதாரண தரப் பரீட்சைக்கான படிப்பு. விளையாட்டு இல்ல. இந்தப் படியில இவ விழுந்து ஒண்ணு ஆச்சுன்னா நான்தான் பதில் சொல்லணும்" என்றார் அவர். "கண் தெரியாத பிள்ளைகளுக்கு வேற மாவட்டத்துல ஹொஸ்டலோட ஒரு பாடசாலை இருக்கு. சிங்களத்துலதான் படிப்பிப்பாங்க. பரவால்ல, பழகிக்கிடுவா."

"இவளுக்குக் கண்ணு தெரியுங்க சேர்" என்றாள் அம்மா.

"தெரியும்னா நல்லது. அப்ப எல்லாப் பிள்ளைகளையும் மாதிரி இருக்கட்டும். பெரிய எழுத்து, கூட நேரம், முன்னுக்கு மேசை, இதெல்லாம் கேக்கக் கூடாது. ரெண்டுல ஒண்ணச் சொல்லுங்க."

இரண்டில் ஒன்று. நான் அந்த அறையில் அம்மாவின் சேலை முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். என் கண் இரண்டிலும் இல்லை, இரண்டுக்கும் நடுவே எங்கோ பனிக்குள் கிடந்தது. அந்த இடத்துக்கு அவருடைய மேசையில் பெயர் இல்லை. அம்மா ஒன்றும் சொல்லாததால் அவர் என் பெயரைப் பத்தாம் தரத்தில் பதியவில்லை. அவ்வளவுதான், என் படிப்பு அந்த வாசலில் நின்றுபோனது.

அந்த வருடம் தீபாவளிக்குத் துணி எடுக்கப் பதுளைப் பஜாருக்குப் போனோம். நாங்கள் வழக்கமாகப் போகும் கடை, இந்தியாவிலிருந்து வந்து தலைமுறையாகத் துணி வியாபாரம் செய்யும் குடும்பத்துடையது. முதலாளியின் மகள் அப்போது சட்டத்தரணியாகி இரண்டொரு வருடம்தான் ஆகியிருந்தது. பெருநாள் நெரிசலில் கடையில் கை கொடுக்க வந்திருந்தாள். நான் ஒரு பாவாடைத் துணியை மூக்கில் வைத்துப் பூவைத் தேடுவதைப் பார்த்துவிட்டுப் பேச்சுக் கொடுத்தாள். துணி மடிப்பதற்குள் முழுக் கதையும் வெளியே வந்துவிட்டது, அம்மாவின் கண்ணீர் உட்பட.

"குறை இருக்குன்னு காரணம் சொல்லி ஒரு பிள்ளைய வெளிய அனுப்ப ஏலாது. அதுக்குச் சட்டமே இருக்கு" என்றாள் சட்டத்தரணி. "பதுளையிலேயே மனித உரிமை ஆணைக்குழு ஒபிஸ் இருக்கு, அங்க முறைப்பாடு குடுக்கலாம். நான் எழுதித் தர்றேன். விசாரணைக்குக் கூப்புடுவாங்க, நானும் வர்றேன்."

"சேருக்கு எதிராவா?" என்றார் அப்பா. துணிப் பொதியை மார்போடு அணைத்துக்கொண்டிருந்தார்.

"அவருக்கு எதிரா இல்லண்ணே, பிள்ளைக்காக. ஒண்ணுதான் நீங்க செய்யணும். எதையும் மறைக்காம உள்ளதை உள்ளபடி சொல்லுங்க."

"சரிங்க" என்று அம்மா தலையாட்டினாள். அந்தத் தலையாட்டலை நம்பியதுதான் சட்டத்தரணி செய்த ஒரே தவறு. கம்பனிக்காரர்களுக்கும் அம்மா அப்படித்தான் தலையாட்டுவாள்.

முறைப்பாடு கொடுத்தோம். லயத்தில் அதற்குள் 'வழக்கு' என்று பெயர் வந்துவிட்டது. "மகளுக்கு வழக்காமே" என்று தண்ணீர்ப் பீலியில் கேட்பார்கள், ஏதோ கல்யாணம் பேசி முடித்ததுபோல. விசாரணைக்கு நாள் குறித்த அறிவித்தல் வந்ததும் அம்மா மாறிப்போனாள். முறைப்பாடு கொடுக்கப் போனபோது விசாரணை நடக்கும் அறையை அவள் எட்டிப் பார்த்திருந்தாள். அதை அப்படியே எங்கள் முன் காம்பராவில் கட்டி எழுப்பினாள். என் வாழ்நாளில் முதல் தடவையாக வீட்டுச் சாமான்கள் இடம் மாறின, ஆனால் என் கையைப் பிடித்து ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டிவிட்டுத்தான். கட்டில் அதிகாரியின் மேசை. தகரப் பெட்டி அதிபர் உட்காரும் இடம். எனக்கு ஒரு நாற்காலி, மேசைக்கு நேரே, கொஞ்சம் இடது பக்கம்.

"நேரா வா. கையை நீட்டாத. தடவாத. வணக்கம் சொல்லு. இப்ப இடது பக்கம் திரும்பி உக்காரு. தலையக் குனியாத, அவரு மூஞ்சியப் பாத்துப் பேசு."

"எனக்குத்தான் மூஞ்சி தெரியாதேம்மா."

"சத்தம் வர்ற பக்கம் பாரு. அங்கதான் மூஞ்சி இருக்கும்."

அதிகாரி வேஷம் அப்பாவுக்கு. அது அவருக்குக் கொஞ்சமும் பொருந்தவில்லை. நான் உள்ளே வந்து வணக்கம் சொன்னதும் அவர் கட்டிலிலிருந்து தானே எழுந்து நின்றுவிடுவார். "நீங்க உக்காருங்க, இப்ப நீங்கதான் தொரை" என்று அம்மா அதட்டுவாள். அவர் உட்காருவார், கூச்சத்தில் இருமுவார். அந்த இருமலைக் கேட்டுத்தான் அம்மாவுக்கு அடுத்த யோசனை வந்தது. விசாரணை நாளில் அப்பா கதவோரம் நிற்க வேண்டும். நான் எதிலாவது முட்டப் போனால் ஓர் இருமல் இரும வேண்டும். புத்தகத்துக்கும் ஏற்பாடு நடந்தது. தமிழ்ப் புத்தகத்தில் ஒரு பக்கத்தை நான் மனப்பாடமாக்கினேன். அந்தப் பக்கத்தை விரித்து, மேலே அம்மிக் குழவியை வைத்து, எங்கே திறந்தாலும் அங்கேயே திறக்கும்படி அம்மா பழக்கினாள். என்னைப் பழக்கியதுபோலவே.

எனக்கு அது பிடித்திருந்தது. அதை மறைக்க மாட்டேன். மாலையில் மலையிலிருந்து வந்ததும் இடுப்பில் கட்டிய ஈரப் படங்கை அவிழ்க்காமலே அம்மா ஒத்திகை தொடங்குவாள். வெளியே பனி, உள்ளே மின்குமிழின் மஞ்சள் வட்டம், அதற்குள் நான் பார்வை உள்ள ஒரு பெண்ணாக நடந்து வருவேன். நடந்து நடந்து எனக்கே நம்பிக்கை வந்துவிட்டது. கனவில் எல்லோருடைய முகத்துக்கும் ஓரம் இருந்தது.

விசாரணை நாளன்று இருவரும் வேலைக்குப் போகாமல், விடியற்காலை பஸ்ஸில் என்னைக் கூட்டிக்கொண்டு பதுளைக்கு இறங்கினார்கள். எனக்குப் பௌடர், நெற்றியில் திருநீறு, புதுப் பாவாடை. எங்களுக்கெல்லாம் வெள்ளையடித்தாகிவிட்டது.

அலுவலகம் பழைய பங்களா ஒன்று. சிவப்புத் தரைக்குப் போட்ட பொலிஷ் வாசம் படியிலேயே வந்தது. அறைக்குள் பெரிய ஜன்னல், அதிலிருந்து ஒரு பால் வெளிச்சம். மேசையில் பச்சை விரிப்பு. அதற்குப் பின்னால் இளநீலமாக ஒருவர், அவர்தான் விசாரணை அதிகாரி. வலது பக்கம் வெள்ளையாக அதிபர். சட்டத்தரணி கறுப்புக் கோட்டோடு சுவரோரம். அம்மா கட்டி எழுப்பிய அறை அணுவளவும் பிசகாமல் அங்கே இருந்தது. அப்பா மட்டும் பிசகினார். பதற்றத்தில் அவருக்கு உண்மையாகவே இருமல் பிடித்துக்கொண்டது. நான் ஒரு கணம் கல்லாகி நின்றேன். பிறகு அதை ஒதுக்கிவிட்டு நேராக நடந்தேன், வணக்கம் சொன்னேன், இடது பக்கம் திரும்பி உட்கார்ந்தேன். அதிகாரி அப்பாவுக்குத் தண்ணீர் கொடுக்கச் சொன்னார்.

அதிகாரி சிங்களவர், உடைந்த தமிழில் அன்பாகப் பேசினார். "மகள், என் சேர்ட் என்ன கலர்?"

"இளநீலம் சேர்."

"ஜன்னல்ல என்ன தெரியுது?"

"வெளிச்சம் சேர். பச்சையா மரம்."

"கொஞ்சம் வாசிச்சுக் காட்டுங்க."

புத்தகம் தானே திறந்தது. நான் அதை மடியில், எல்லோரும் பிடிப்பதுபோலப் பிடித்துக்கொண்டு, கடகடவென்று வாசித்தேன். ஒரு தடங்கல் இல்லை. என் வாழ்க்கையில் நான் அவ்வளவு நன்றாகப் பார்த்ததே இல்லை. முடித்ததும் அறை அமைதியாக இருந்தது. அந்த அமைதியைப் பாராட்டு என்று நினைத்தேன்.

"நல்லம்" என்றார் அதிகாரி. குரலில் குழப்பம் இருந்தது. "பிள்ளை நடக்குது, கலர் சொல்லுது, வாசிக்குது. அப்ப முறைப்பாடு என்னத்துக்கு?"

அதிபரின் குரல் இளகி வந்தது. "நான் இப்பிடி எதிர்பாக்கல சேர். இவ்வளவு தெரியும்னா எனக்கு ஆட்சேபணையே இல்ல. நாளைக்கே பத்தாம் தரத்துல சேத்துக்கிறேன். எல்லாப் பிள்ளைகளையும் மாதிரி இருக்கட்டும். விசேஷமா ஒண்ணும் தேவையில்லதானே."

அதிகாரி பேனாவின் மூடியைக் கழற்றும் சத்தம் கேட்டது. சட்டத்தரணி அவசரமாக எழுந்து, பெற்றோருடன் பேச ஒரு சின்ன அவகாசம் கேட்டாள். எங்களை நடைபாதைக்குக் கூட்டிக்கொண்டு போனாள்.

"என்ன அக்கா செஞ்சு வச்சிருக்கீங்க?" அவள் குரல் நடுங்கியது, கோபத்திலா அழுகையிலா தெரியவில்லை. "மறைக்காதீங்கன்னுதானே சொன்னேன்."

"பிள்ளைய ஏலாதவன்னு நெனச்சிடக் கூடாதுன்னு..."

"ஏலாதவன்னு யாரும் சொல்லல. ஆனா நல்லாப் பாக்குற பிள்ளைக்கு யாரு பெரிய எழுத்துத் தாள் குடுப்பாங்க? யாரு கூட நேரம் குடுப்பாங்க? இப்ப அவரு எழுதப் போறது என்ன தெரியுமா? இவளுக்கு ஒரு குறையும் இல்லைன்னு. அதுக்குப் பிறகு சாதாரண தரத்துல பாதித் தாளை வெள்ளையாக் குடுத்துட்டு வருவா. அதோட முடிஞ்சிது."

நான் அம்மாவின் பக்கத்தில்தான் நின்றேன். அவள் மூச்சு மேடேறும்போது வாங்குவதுபோல வாங்கியது. பாதித் தாள் வெள்ளையாகக் கிடப்பது எப்படியிருக்கும் என்று அந்தக் கூட்டத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும். கொழுந்துப் பறிப்பை நான் கேவலமாக நினைத்ததில்லை. ஆனால் நான் செடியையும் சரியாகப் பார்க்க மாட்டேன். படிப்பு இல்லாவிட்டால் எனக்கு மலையும் இல்லை, பின் காம்பராதான். பெரிய ஆட்கள் வரும்போது சாத்தி வைக்கும் கதவுக்குப் பின்னால்.

"வாங்க, உள்ள போவம்" என்று அம்மாதான் முதலில் நடந்தாள். அவள் சேலையின் ஊதா நிறம் எனக்கு முன்னால் போய் அறைக்குள் கலந்தது. நான் வாசலுக்கு வந்தபோது அவள் குரல் கேட்டது.

"வந்து உக்காரு பாப்பா."

நான் நேராக நடந்தேன். கையை நீட்டவில்லை. தடவவில்லை. இடது பக்கம் திரும்பி, பாவாடையை ஒதுக்கிக்கொண்டு, உட்கார்ந்தேன்.

அங்கே நாற்காலி இல்லை.

விழுவதற்கு அவ்வளவு நேரம் எடுக்கும் என்று எனக்குத் தெரியாது. ஜன்னலின் பால் வெளிச்சம் மேலே ஏறிப் போனது. பச்சை விரிப்பு சாய்ந்தது. இளநீலம் எழுந்து நின்றது. எல்லாம் மெதுவாக, சத்தமில்லாமல், தண்ணீருக்குள் நடப்பதுபோல நடந்தது. பிறகு தரை வந்து முதுகெலும்பில் இடித்தது, பொலிஷ் வாசம் முகத்துக்குப் பக்கத்தில் வந்தது. வலியைவிட முதலில் வந்தது வெட்கம். என் பௌடர், என் பாவாடை, என் பார்வை எல்லாம் தரையில் கிடந்தன. நான் கைகளை நீட்டினேன். தடவினேன். எல்லோருக்கும் முன்னால் நான்கு பக்கமும் தடவினேன். நாற்காலி எங்கேயும் அகப்படவில்லை.

ஓடி வந்து என்னைத் தூக்கியது அதிபர். "அடி பட்டிச்சா? எங்க பட்டிச்சு?" என்று அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். அவர் கை நடுங்கியது. நான் விழுந்தால் யார் பதில் சொல்வது என்று அவர் சொன்னது வெறும் சாக்கு இல்லை என்று அப்போது தெரிந்தது. அந்தப் பயம் அவர் கையில் இருந்தது.

"நாந்தான் நாற்காலியத் தூக்கித் தள்ளி வச்சேன் சேர்" என்றாள் அம்மா. அவள் நின்ற இடத்திலிருந்து அசையவில்லை. "இவளுக்குக் கண்ணு சரியாத் தெரியாது. தெரியிற மாதிரி நாந்தான் வீட்டுல பழக்கிக் கூட்டிட்டு வந்தேன். புத்தகமும் மனப்பாடம். வேற பக்கம் குடுத்துப் பாருங்க, மூக்குல வச்சாத்தான் எழுத்துத் தெரியும். ஆனா மூளையில ஒரு குறையும் இல்ல. எழுதுன வரைக்கும் எல்லாம் சரியா எழுதுவா. நேரந்தான் காணாது. இவளக் கண்ணு தெரியாதவன்னு எங்கயோ அனுப்பிடாதீங்க, கண்ணு தெரியிறவன்னும் விட்டுடாதீங்க."

சட்டத்தரணி வந்து என் தோளைப் பிடித்துக்கொண்டாள். கதவோரத்தில் அப்பா இருமாமல் நின்றார்.

அதிகாரி புத்தகத்தை வாங்கி வேறொரு பக்கத்தைத் திறந்து கொடுத்தார். நான் அதை மூக்கில் வைத்தேன். கறுப்புப் பூச்சிகள் ஒவ்வொன்றாக வந்தன. அழுதுகொண்டே வாசித்ததால் இன்னும் மெதுவாக வந்தன. ஒரு பந்தி முடிய வெகுநேரம் ஆயிற்று. யாரும் நிறுத்தச் சொல்லவில்லை. முடிந்ததும் அதிகாரி அதிபரிடம் சிங்களத்தில் நீளமாகப் பேசினார். அதிபர் மெதுவான குரலில் பதில் சொன்னார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"நீ முன்னுக்கே சொல்லியிருக்கலாமே புள்ள" என்றார்.

சொல்லத்தான் எங்களுக்கு வராதே சேர் என்று நினைத்துக்கொண்டேன்.

தீர்மானம் பிறகு எழுத்தில் வந்தது. அதே பாடசாலை, பத்தாம் தரம். முன்வரிசையில் ஜன்னலோர மேசை, பெருப்பித்த எழுத்தில் தாள்கள், பரீட்சையில் மேலதிக நேரம். சட்டத்தரணி அதைத் தொலைபேசியில் வாசிக்கக் கேட்டு லயமே கூடி நின்றது. அதிபரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். என் தாள்களைப் பெருப்பிக்கும் வேலையை அவர் யாரிடமும் விடவில்லை. காலையில் அவரே கொண்டுவந்து மேசையில் வைப்பார். மையின் சூடு ஆறாமல் இருக்கும். படிகளின் ஓரத்தில் ஒரு நாள் வெள்ளைக் கோடு அடித்திருந்தது. எங்கள் ஊர்ச் சுண்ணாம்பு அன்றைக்குத்தான் ஒருவருக்குப் பிரயோசனப்பட்டது.

ஆனால் நான் சொல்ல வந்தது அதையல்ல.

விசாரணை முடிந்து திரும்பிய பஸ்ஸில் நான் அம்மாவோடு பேசவில்லை. பசறை தாண்டியதும் பனி இறங்கியது. ஜன்னல் வெள்ளையாயிற்று. அம்மா என் தோளில் கை வைத்தாள், நான் ஒதுங்கினேன். ஜெயித்தது எனக்குப் புரிந்துதான் இருந்தது. நெஞ்சு ஆறவில்லை. உலகத்தில் யார் வேண்டுமானாலும் நாற்காலியை இழுக்கட்டும், அம்மா இழுப்பாளா?

வீட்டுக்கு வந்தோம். எல்லாச் சாமான்களும் பழைய இடத்துக்குத் திரும்பின. அடுப்படியில் முக்காலி தன் மூன்று குழிகளில் நின்றது. அன்றைக்கு உட்காருவதற்கு முன்னால் என் கை தானாகக் கீழே போய் அதைத் தொட்டுப் பார்த்தது. அம்மா அந்த நேரம் கறிக்கு ஏதோ நறுக்கிக்கொண்டிருந்தாள். கத்திச் சத்தம் நின்றது. கொஞ்சம் பொறுத்து மறுபடி தொடங்கியது.

அதற்குப் பிறகு என் கை அந்தப் பழக்கத்தை விடவேயில்லை. சாதாரண தரம், உயர்தரம், பல்கலைக்கழகம், எங்கே போனாலும் உட்காருமுன் புறங்கையால் ஒரு தொடல். வெளியில் அது நல்ல பழக்கம்தான். வீட்டிலும் தொடர்ந்தது. தொடும்போதெல்லாம் கத்திச் சத்தம் நிற்கும், மறுபடி தொடங்கும். நாங்கள் அதைப் பற்றிப் பேசியதில்லை.

இப்போது நான் பதுளையில் ஒரு பாடசாலையில் வரலாறு கற்பிக்கிறேன். புத்தகங்களைத் தொலைபேசி எனக்கு வாசித்துக் காட்டுகிறது. ஆனாலும் பிடித்த பக்கத்தை மூக்கில் வைத்துத்தான் படிப்பேன். போன தீபாவளி விடுமுறைக்கு வீட்டுக்குப் போயிருந்தேன். அப்பா கடைக்குப் போயிருந்தார். வெளியே மழையும் பனியும் ஒன்றாகக் கரைந்துகொண்டிருந்தன. அம்மா இப்போது மலைக்குப் போவதில்லை. அடுப்பின் சிவப்புக்கு முன்னால் ஒரு மங்கலான மஞ்சளாக உட்கார்ந்து, பலாக்கொட்டை நறுக்கிக்கொண்டிருந்தாள். எப்படி வாய் வந்ததோ, கேட்டுவிட்டேன்.

"அம்மா, அன்னைக்கு நான் விழுவேன்னு தெரிஞ்சேதானே உக்காரச் சொன்ன?"

கத்தி நின்றது. அம்மா எதைப் பற்றி என்று கேட்கவில்லை.

"இல்ல பாப்பா" என்றாள். "நீ தடவிப் பாப்பேன்னு நெனச்சேன். நாற்காலியக் காணாம கையால தேடுவ, அவுங்க அதைப் பாக்கட்டும்னுதான் தள்ளி வச்சேன். தேடுவேன்னுதான் நின்னேன்."

மழை கூரைத் தகரத்தில் கொஞ்சம் வலுத்தது.

"நீ தேடல. அம்மா உக்காருன்னு சொன்னேன்னு அப்படியே உக்காந்துட்ட."

அவள் அழவில்லை. சொல்லிவிட்டு மூக்கை உறிஞ்சிக்கொண்டு மறுபடி நறுக்கத் தொடங்கினாள். இத்தனை வருடமும் அவள் என்னை விழவைத்தாள் என்று நான் நெஞ்சில் வைத்திருந்தேன். நான் அவளை அவ்வளவு நம்பினேன் என்பதை அவள் நெஞ்சில் வைத்திருந்திருக்கிறாள். எது பாரம் கூடியது என்று யாராவது கேட்டால் என்னால் சொல்ல முடியும்.

நான் எழுந்து போய் என் தேத்தண்ணிக் கோப்பையைக் கழுவிக் கவிழ்த்தேன். அம்மாவின் கோப்பையையும் கழுவினேன். திரும்பி வந்து முக்காலிக்கு முன்னால் நின்றேன். கை பழக்கத்தில் கீழே போனது. அதை இழுத்து நெஞ்சோடு வைத்துக்கொண்டு, தொட்டுப் பார்க்காமல் அப்படியே உட்கார்ந்தேன்.

கத்திச் சத்தம் நின்றது. வெகுநேரம் தொடங்கவில்லை.